எஞ்சிய துணியும் எஞ்சுவினையும்



பிறந்தார் இறத்தல் ஒருதலை. இறந்தாரது உடம்பு யாதாகும் என்பதைச் சுடலை காட்டும். உயிர் யாதாகும் என்பதைச் சித்தாந்த சாத்திரங் காட்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொன்று உண்டு. இறந்தார் தங் கையால் தேடித் தங் கண்ணால் நாடோறும் நோக்கி மகிழ்ந்து வைத்த பொருள்கள் யாதாகும் என்பதே அது. வீடு, நிலம், பொன் என்பனபற்றி வழக்குமன்றங்களும் உறவினரும் வேண்டுமளவு பேசுவர். தேடினார்க்கு உயிரினும் இனியவாய்ப் பிறர்க்குக் குப்பையாய்த் தோன்றும் பொருள்களைப்பற்றிப் பேசுவார் அரியர். அத்தகையவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வாயிலாக நம் சமயவுண்மை ஒன்றைச் சிந்திப்பது இவ்வுரையின் நோக்கமாகும். அப்பொருள், ஒட்டுப்போர்வை தைப்பாள் ஒருத்தி தன் வாழ்நாளெல்லாஞ் சேர்த்துவைத்த துணிக்குவியல்.

ஒட்டுப்போர்வையாவது யாதெனிற் கூறுதும். ஆங்கிலமொழியார் இதனைக் குவில்ட் என்பர். பலநிறத் துண்டுகளைக் கணக்குப்பட வெட்டி இசைத்துத் தைத்த மேற்படலம் ஒன்று. நடுவே பஞ்சுப்படலம் ஒன்று. அடியில் முழுத்துணி ஒன்று. இம்மூன்றையும் ஊடுருவி நழுவாமற் பிணிக்கும் ஓட்டுத்தையல். இவை கூடியதே ஒட்டுப்போர்வை. அமெரிக்க நாட்டுக் குளிர்காலத்துக்கு இது பெருந்துணையாய் இருந்தது. 1930-ஐ அடுத்த பொருள்முடைக் காலத்தில், மாவும் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளையே அந்நாட்டு மகளிர் பிரித்துத் துவைத்து உடையும் போர்வையுமாக்கினர். அதனையறிந்த ஆலையார் சாக்குகளிலேயே பூவுங் கொடியும் அச்சிட்டு விற்றனர். பின்னர் ஆலைப்போர்வைகள் மலியவே இத்தொழில் சிலகாலம் தளர்ந்தது. 1971-ல் நியூயார்க்கு நகரத்து விட்னி கலைக்கூடம் பழைய ஒட்டுப்போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரிலே தொங்கவிட்டுக் காட்டியது. 1976-ல் அந்நாடு தன் விடுதலையின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது பழங் கைத்தொழில்கள்மீது மக்களுக்கு விருப்பம் மிக்கெழுந்தது. இங்ஙனம் இத்தொழில் மீண்டுந் தழைத்தது. இதற்கெனவே பருத்தித்துணி விற்குங் கடைகளும் பெருகின.

வறுமைக்கு உதவிய தொழில் வளத்திற் புகுந்தவழி ஒரு மாறுதல் நேர்ந்தது. முன்னோர், துணி எஞ்சியதனாற் போர்வை தைத்தனர். பின்னோர், போர்வை தைப்பதற்கெனத் துணி வாங்கினர், வாங்கியது எஞ்சிற்று. இதனைப் பேராசை என்றொரு சொல்லால் தள்ளிவிடுதல் முறையன்று. துணி அச்சிடும் ஆலைகள் ஒருவகைப் பூவேலையை ஒருமுறை அச்சிட்டு விற்றபின் பெரும்பாலும் மீண்டும் அச்சிடுவதில்லை. இன்று கண்ட நீலம் அடுத்த ஆண்டு கடையில் இராது. தைக்கும்போது வேண்டப்படும் நிறம் இன்னதென்று முன்னரே துணிதலும் இயலாது. ஆதலின், கண்டபோதே கால்கெஜம் அரைக்கெஜமாக வாங்கி, ஒருநாள் உதவும் என்று மடித்து வைக்கின்றனர். அவ்வொருநாள் சிலதுணிக்கு வருகின்றது, பலதுணிக்கு வருவதில்லை.

இவ்வியல்பை அவர்களே அறிந்து நகைப்பதுமுண்டு. சாகும்போது யாரிடத்தில் மிகுதியான துணி உளதோ அவளே வென்றவள் என்பது அவருள் வழங்கும் ஒரு வேடிக்கைமொழி. ஆயுளுக்குள் தைத்து முடிக்கவொண்ணாத அளவினதாய சேமிப்பைக் குறித்தற்கு ஒரு தனிப்பெயரும் வைத்திருக்கின்றனர். சொல் வேடிக்கையாயினும் கணக்கு மெய்யே. கட்டிலை மூடும் போர்வையொன்றைக் கையினாலே தைத்து முடிக்க மாதங்கள் பல செல்லும். அதற்கு வேண்டுந் துணியை வாங்கக் கடையிலே ஒருநாழிகை போதும். கொள்ளுங் கை விரைவுடையது. தைக்குங் கை மெதுவுடையது. இவ்விரண்டின் வேற்றுமையே அலமாரியிற் குவியலாய் நிற்கின்றது.

இனி, அவள் இறந்தபின் அக்குவியல் யாதாகின்றது என்று பார்ப்போம். நான்கு முடிவுகள் உள.

முதலாவது, பூட்டிவைத்தல். தாயின் பெட்டியைத் திறக்க மக்கட்கு மனம் வருவதில்லை. அதனைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். இஃது அன்பினாற் செய்வதே. ஆயினும் துணி அவ்வன்பை அறியாது. மடித்தவிடத்தில் நெடுநாட் கிடந்த பருத்தி அம்மடிப்பிலேயே இற்றுப்போம். மரப்பலகையிலும் அட்டைப்பெட்டியிலும் உள்ள புளிப்புச்சத்துத் துணியிலேறிப் பழுப்பாக்கும். ஒளிபட்டது வெளுக்கும், ஈரம் பட்டது பூக்கும், அந்துப்பூச்சி கம்பளியை அரிக்கும். சாயம் பற்றுதற்காக இரும்புச்சத்துச் சேர்த்துத் தோய்த்த பழைய கபிலநிறமுங் கருநிறமும், சுற்றியுள்ள நிறங்கள் நன்றாயிருக்கவும், தாமே தம் இழையைத் தின்றுவிடும். வெட்டாமற் காத்த துணி வெட்டுதற்கும் ஆகாத துணியாய் முடிகின்றது.

இரண்டாவது, மதிப்பறியாது கழித்தல். பொருளறியார் கையிற் குவியல் பழந்துணியாகிறது. மூட்டைக்கு இவ்வளவென்று விலைபேசி விற்றுவிடுகின்றனர். குப்பையிற் சேர்ப்பாரும் உளர். கெஜம் கெஜமாக விலை கொடுத்து வாங்கியவள் இதனைக் காணின் என்செய்வாள்! அவளோ காணாள்.

மூன்றாவது, அறிந்தார் கையிற் சேர்த்தல். இத்தொழில் பயில்வார் ஊர்தோறும் சங்கமாகக் கூடுதல் அந்நாட்டு வழக்கம். இறந்தாளது துணி அச்சங்கத்தை அடையுமாயின், ஒருபகுதி குறைந்த விலைக்கு இளையோர்க்குப் போகும். ஒருபகுதி நோயுற்றார்க்கும் திக்கற்றார்க்கும் போர்வையாகும். நோயாலும் துயராலும் வருந்துங் குழந்தைகட்குக் கையாற்செய்த போர்வைகளை வழங்குதற்பொருட்டு 1995-ல் தோன்றிய லைனஸ் என்னும் பெயரிய அறப்பணி போல்வன இதற்கு வாயிலாகின்றன.

நான்காவது, குறைவேலையை முடித்தல். பாதி தைத்து விட்ட மேற்படலத்தை, அவளை முன்பின் அறியாத மற்றொருத்தி வாங்கி, எஞ்சிய பாதியைத் தைத்து முடிக்கின்றாள். ஒருத்தி தொடங்க ஒருத்தி முடித்த போர்வைகள் மிகப்பல. இரண்டு கைகளின் தையலும் ஒரே போர்வையில் அருகருகே நின்று, தையலறிந்தார் கண்ணுக்கு வேறு வேறாய்ப் புலப்படுமென்ப.

இந்நான்கும் உலகியல். இதனுட் சமயவுண்மை யாண்டுளது எனிற் கூறுதும்.

வினை மூவகைத்தென்பது சித்தாந்தம். எண்ணிறந்த பிறவிகளிற் செய்து குவிந்துகிடப்பது சஞ்சிதம். அதனை எஞ்சுவினை என்பர். அக்குவியலினின்றும் இப்பிறவியில் நுகர்தற்கென அளந்தெடுக்கப்பட்டது பிராரத்தம். அதனை ஏன்றவினை என்பர். நுகரும்போதே விருப்பு வெறுப்பாற் புதிதாய்ச் சேர்வது ஆகாமியம். அதனை ஏறுவினை என்பர். அலமாரியிலுள்ள குவியலும், மடியிலே தைக்கின்ற போர்வையும், தைத்துக்கொண்டிருக்கும்போதே மேலும் வாங்கிவருந் துணியும் இம்மூன்றற்கும் உவமையாதல் காண்க. ஒரு போர்வை முடிவதற்குள் பத்துப் போர்வைக்குத் துணி ஏறுமாயின் குவியல் என்று குறையும்? அதுபோலவே, ஏன்றவினை கழிவதற்குள் ஏறுவினை பெருகுமாயின் எஞ்சுவினை ஒருகாலுங் குறையாது, பிறவியும் அறாது. இன்னும், துணி தானே எழுந்து போர்வையாகாது. எடுத்து வெட்டி இசைப்பார் ஒருவர் வேண்டும். வினையும் அறிவற்றது, தானே சென்று உயிரைப் பொருந்தாது. அறிந்து கூட்டுவிப்பான் இறைவனே. இங்ஙனம் உவமை பலபடப் பொருந்துகின்றது.

ஆயினும், உவமை பொருந்துமிடத்தினும் பொருந்தாவிடமே நமக்குப் பெரும்பாடங் கற்பிப்பது. துணிக்குவியலை அவள் விட்டுப்போகின்றாள். வினைக்குவியல் அவளை விட்டுப்போவதில்லை. துணிக்கு மக்கள் உரியராவர்; வினைக்கு உரியார் செய்தவரே. தாயின் துணியை மகள் தைத்து முடிக்கலாம். தாயின் வினையை மகள் நுகர்ந்து முடிக்கவொண்ணாது. இதனை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. உடன்வாராத குவியலை எண்ணி எண்ணி மடித்துவைத்தோம்; உடன்வருங் குவியலை ஒருநாளும் எண்ணிப் பார்த்திலோம். அலமாரியிலுள்ளதன் நிறமும் அளவும் நமக்கு மனப்பாடம். ஆன்மாவைப் பற்றியுள்ளதன் அளவோ நாம் கேட்டறியாதது.

அற்றேல், துணி சேர்த்தலே தீதென்று கூறுகின்றீரோ என்பார்க்கு, அற்றன்று என்க. துணி சடப்பொருள், அதன்கண் நன்மையுந் தீமையும் இல்லை. அதனைப் பிடித்த கையின் கருத்திலேயே வேறுபாடு உளது. இதற்கு அந்நாட்டிலேயே சான்றுகள் உள.

அலபாமா மாநிலத்தில் ஆற்றின் வளைவொன்றிலே ஜீஸ் பெண்ட் என்னுஞ் சிற்றூர் உளது. அடிமைகளாய் உழன்ற கறுப்புமக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. 1932-ல், அவர்கட்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் ஒருவர் இறக்க, அவர் குடும்பத்தார் கடனுக்கீடாக அவ்வேழைகளின் கருவியும் கால்நடையும் தானியமும் வாரிச்சென்றனர். இறந்தாரொருவர் விட்டுச்சென்ற கணக்குப்புத்தகம் அவ்வூர்க்குப் பசியாய் முடிந்தது. பத்தாண்டு கழித்து, 1942-ல், அதே ஊரில் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி கைம்மை எய்தினாள். கணவன் விட்டுச்சென்றவை, வயலில் உழைத்து முழங்கால் தேய்ந்து வெயிலில் வெளுத்த அவனுடைய உடைகள். அவள் அவற்றைக் கிழித்துத் தன் மகளின் துணைகொண்டு ஒரு போர்வை தைத்தாள். அவனை நினைத்து அதனாற் போர்த்துக்கொள்வதே தாயின் கருத்தென்று அம்மகள் முதுமையிலும் எடுத்துரைத்தாள். அவ்வூரார் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நகரிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பெற்றுப் பெரும்புகழ் எய்தின. புகழ் பின்னர் வந்தது. துணி முதற்கண் குளிரைத் தீர்த்தது, துயரை ஆற்றியது. ஒரே ஊரில், ஓர் இறப்பு விட்டுச்சென்ற கணக்கு பிறர் பொருளை வாரிற்று; மற்றோர் இறப்பு விட்டுச்சென்ற கந்தை இருந்தாரைப் போர்த்தது. எது செல்வம் என்று நீவிரே தெளிமின்.

கென்டக்கி மாநிலத்து எலிசபெத் ரோஸ்பெரி மிச்செல் என்பாள், மக்களை இழந்த துயரால் 1843-ல் ஒரு வியத்தகு போர்வை தைத்தாள். அதன் நடுவில் வேலிசூழ்ந்த இடுகாடு. ஓரத்திலே வரிசையாகச் சவப்பெட்டி வடிவங்கள். அவற்றிற் குடும்பத்தார் பெயர்கள். ஒருவர் இறந்தால் அவர் பெயர்கொண்ட துண்டை ஓரத்தினின்றும் பிரித்து நடுவிலுள்ள இடுகாட்டிற் சேர்த்துத் தைப்பது அதன் கருத்து. சில துண்டுகள் நடுவை அடைந்தன. ஏனையவை இன்றும் ஓரத்தில் நிற்கின்றன. அம்மாநில வரலாற்றுக் கழகத்தார் அதனைக் காத்துவருகின்றனர். நிலையாமையை நாம் ஓதி மறக்கின்றோம். அவளோ அதனைப் போர்வையாக்கித் தன் மடிமீது இட்டுக்கொண்டாள்.

நம் பாரதநாட்டிலும் இத்தொழில் உண்டு. வங்காளத்து மகளிர் நைந்த புடைவைகளை அடுக்கி, புடைவைக்கரையினின்றும் உருவிய நூலாலேயே அவற்றை இணைத்துத் தைப்பர். அதற்குக் காந்தா என்று பெயர். வடமொழியிற் கந்தா என்பதும் தமிழிற் கந்தை என்பதும் இதனோடு உறவுடைய சொற்கள். குருசதய தத்தர் என்பார் அரசாங்கப் பணியில் ஊர்தோறுஞ் செல்லுங்கால் அவற்றைத் தேடிச் சேர்த்தார். அவர் 1941-ல் மறைந்தபின், 1963-ல் கல்கத்தாவின் அருகே அவர் பெயராலேயே காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. 1896-ல் ஆஸ்திரியப் பேரரசிற் பிறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு கற்பித்து, 1981-ல் சிவபெருமானைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்ட ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரும் காந்தாக்களைச் சேர்த்தவரே. அவர் 1993-ல் மறைந்தார். அவர் சேர்த்தவை பிலடெல்பியா நகரத்துக் கலைச்சாலையை அடைந்து, 2009-ல் யாவருங் காண வைக்கப்பெற்றன. வங்கநாட்டுப் பெயரறியாப் பெண்டிர் தம் மக்கட்கும் விருந்தினர்க்குமெனத் தைத்த கந்தைகள் ஏழ்கடல் கடந்து பாதுகாக்கப்படுகின்றன. அவை பிழைத்தமைக்குக் காரணம், சேர்த்தார் தமக்குப்பின் அவை செல்லும் இடம் அறிந்திருந்தமையே.

இத்துணையுங் கூறியவாற்றாற் போந்த பொருள் யாது? துணி யாருக்கும் உடைமையன்று. அது கைம்மாறிச் செல்லும் அடைக்கலப்பொருள். இவ்வுண்மையை நம் பெரியபுராணம் இரண்டு வரலாறுகளில் வைத்துக் காட்டுதலை உற்றுநோக்குவார்க்கு வியப்பு மிகும். உலகெலாம் உடைய பெருமான் அன்பரைச் சோதிக்க எழுந்தருளுங்கால், பொன்னும் மணியுங் கொணர்ந்திலன்; ஒரு துண்டுத்துணியைக் கொணர்ந்தான்.

பழையாறை வணிகர் அமர்நீதியார் துணிவாணிகஞ் செய்தவர். அடியார்க்குக் கந்தையுங் கீளுங் கோவணமும் அளித்துவந்தவர். திருநல்லூரில் அவர் அமைத்த மடத்துக்குப் பெருமான் பிரமசாரியாய் எழுந்தருளித் தன் கோவணமொன்றை அவர்பால் அடைக்கலமாக வைத்துச் சென்று, அதனை மறையச் செய்தான். திரும்பிவந்து, தண்டிற் கட்டியுள்ள மற்றைக் கோவணத்துக்கு ஒத்த எடையுள்ளது தருக என்றான். துலை நாட்டப்பெற்றது. நாயனார் தம்மிடமிருந்த கோவணங்களை இட்டார், தட்டு எழவில்லை. புடைவைகளையும் பட்டுக்களையும் பொதி பொதியாக இட்டார், எழவில்லை. பொன்னும் மணியும் இட்டார், எழவில்லை. முடிவில் மனைவியாரோடும் மைந்தரோடுந் தாமே தட்டில் ஏறினார், அடியார்மாட்டுத் தாம்வைத்த அன்பு பிழையாதேல் துலை நேர்நிற்க என்றார், நேர்நின்றது. மிகுதியான துணி உடையாரே வென்றவர் என்னும் வேடிக்கைமொழிக்கு இவ்வரலாற்றினும் மேலான விடை வேண்டுமோ! குவியல் முழுதும் ஒரு கோவணத்துக்கு நிகராகவில்லை. குவித்தார் தம்மையே கொடுத்தபோதுதான் நிகராயிற்று.

காஞ்சியில் ஏகாலியர் குலத்துதித்த திருக்குறிப்புத்தொண்டர்பாலும் பெருமான் அழுக்கேறிய கந்தையோடு முதிய அடியவராய் வந்தான். பொழுது சாயுமுன் தோய்த்து உலர்த்தித் தருக என்று ஒப்புவித்தான். மழை விடாது பெய்தது. கந்தை உலரவில்லை, அடியவர் குளிரால் வருந்துவரே என்னுந் துயரந் தாங்காது நாயனார் தோய்க்குங் கல்லிலே தலையை மோதப்புக்கார், கல்லினின்றும் ஒரு திருக்கை எழுந்து தடுத்தது. பிறர் கந்தையொன்றைக் கையில் வாங்கினார்க்கு இத்துணைக் கவலை இருந்தது.

இறந்தாளது குவியலைக் கையேற்கும் மக்கள் இவ்விரு நாயன்மார் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர் என்பது எம் கருத்து. அவர்பால் வந்தது சொத்து என்று எண்ணின் விலைபேசுவர்; சுமை என்று எண்ணின் எறிவர்; அடைக்கலம் என்று எண்ணினாலன்றோ அதனைச் சேரவேண்டியார் யாவர் என்று தேடுவர். எல்லாவற்றையும் பூட்டிவைத்தல் அன்பாகாது. அனைத்தையும் ஒரே நாளில் ஒழித்தலும் முறையாகாது. அவள் கையால் முடித்ததொன்றைக் குடும்பத்தில் வைத்துக்கொள்க. குறையாய் நிற்பவற்றை முடிக்கவல்லார்க்குக் கொடுக்க. வெட்டாத துணியை வெட்டத் தெரிந்தார்க்கும், மிகுதியைக் குளிரால் நடுங்குவார்க்கும் சேர்க்க. பெட்டியைத் திறக்குங்கால் அழுகை வரின் அழுதுகொண்டே பிரிக்க. அதுவும் ஒரு நீர்க்கடனே.

இனி, குவித்தார்க்கு உரிய கடமை யாதெனின், மக்கட்கு இப்பாரத்தை விடாமை. கண்ணுங் கையுந் தம்வயத்தன ஆயிருக்கும்போதே குவியலைத் தாமே திறந்து மூன்றாகப் பகுக்கவேண்டும்: இனி எஞ்சிய ஆண்டுகளில் மெய்யாகவே தைக்கத்தக்கது; வேறொருவர்க்கு இன்றே உதவுவது; பாதுகாக்கத்தக்க பழமையுடையது. தைத்தவற்றின் அடியிலே தம் பெயரும் ஊரும் ஆண்டும் யாருக்கெனத் தைத்தது என்பதும் சிறு துணியில் எழுதித் தைத்துவிடவேண்டும். எழுதாமையாலன்றோ எத்துணையோ போர்வைகள் செய்தார் பெயரறியாது நிற்கின்றன. துணியின் தரமறிந்த ஒருவரைக் குறித்து, இவர்பாற் கேட்க என்று மக்கட்கு எழுதிவைக்கவேண்டும். கம்பீலியில் அறுவைத்தொழிலிற் சிறந்த நேசநாயனார் வரலாறு ஈண்டு நினைக்கற்பாலது. அவர் மனம் இறைவன் திருவடியில் நின்றது. நா திருவைந்தெழுத்தில் நின்றது. கை அடியார்க்கு உடையுங் கீளுங் கோவணமும் நெய்தலில் நின்றது. நெய்தது அவ்வப்போதே அடியாரை அடைந்தமையால் அவர்க்குக் குவியல் இல்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. சாத்திரம் பயின்றார் இதனைக் கேளாது விடார். கொடுத்தல் நல்வினையன்றோ? நல்வினையும் பொன்விலங்காய்ப் பிணிப்பதன்றோ? கொடுத்தும் ஏறுவினை ஏறுமாயின் யாது பயன்? அறிக: எனது துணியை நான் கொடுத்தேன் என்று கொடுப்பின் அது புண்ணியமாய் ஏறும், அதன் பயனை நுகரப் பிறவியும் வரும். என்பால் வைத்ததை உரியாரிடத்துச் சேர்ப்பித்தேன் என்று கொடுப்பின், யான் எனது என்னும் இரண்டும் அங்கு இல்லை. செயல் அவனருளின் செயலாய் நிற்கின்றது, ஏறுதற்கு இடமில்லை. அடைக்கலம் என்னும் அவ்வொரு கருத்தே துணிக்குவியலையும் வினைக்குவியலையும் ஒருங்கே குறைப்பதாம். எஞ்சுவினை குருவின் அருள்நோக்கால் தீக்கையில் எரிவது. ஏன்றவினை உடம்போடு கழிவது. ஏறுவினையோ இங்ஙனம் எனதென்பது அற்று அருள்வழி நின்றார்க்கு ஏறாது.

பிறநாட்டுப் பெண்டிரது துணியைப் பேசி நம் வீட்டை மறத்தலாகாது. நூல் என்னுஞ் சொல் தைக்கும் இழைக்கும் ஓதும் ஏட்டுக்கும் பொதுவாதலை யாவரும் அறிவர்; பவணந்திமுனிவரும் இயற்றும் நூலை நூற்கும் நூலோடு ஒப்பிட்டே விளக்கினார். அவர்கட்கு அலமாரியில் துணி. நமக்கு அலமாரியிற் சுவடி. என்றாவது உரையெழுத உதவும் என்று சேர்த்த ஏடுகள், பாதி எழுதி நின்ற குறிப்புக்கள், இரவல் வாங்கித் திருப்பாத நூல்கள், பாடம் ஒப்புநோக்கி ஒருவர்க்குங் காட்டாது மடித்துவைத்த படிகள்: இவையன்றோ எம்போன்ற முதியோர் வீடுகளை நிறைப்பன! சுவடிகள் ஆற்றில் விடப்பட்டதையும் தீயிலிடப்பட்டதையும் உ. வே. சாமிநாதையரவர்கள் மனம் வெதும்பி எழுதிவைத்திருக்கின்றார். அவற்றை அழித்தார் பகைவரல்லர். பொருளறியாத வழித்தோன்றல்களும் காவலருமே. ஐயரவர்கள் 1942-ல் மறைந்த மறுஆண்டே அவர் தேடிய சுவடிகட்கென அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்ததனால் அவை நமக்கு எஞ்சின. எத்தனை பண்டிதர் சுவடிக்கு அப்பேறு வாய்த்தது? மடாலயங்களைச் சேர்ந்த பெரியோர் இதனைத் திருவுளங்கொண்டு, ஓய்ந்த புலவர்தம் ஏடுகளை அவர்கள் இருக்கும்போதே கேட்டுவாங்கிப் பட்டியல் எழுதிப் பேணுவாராயின் பெரும் பணியாகும். புலவரும் கேட்கும்வரை காத்திராது கொடுப்பாராக.

முடிவாக ஒன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராகிய திருவெண்காடர்க்கு, மகனாய் வந்த மருதவாணர் விட்டுச்சென்ற பேழையில் இருந்தவை யாவை? காது முறிந்த ஊசியொன்றும் ஓலைத்துணுக்கொன்றுமே. அவ்வோலையின் வாசகம் நம்மவர் அனைவர்க்கும் தெரிந்தது; அதனை ஈண்டு எடுத்தோத வேண்டுவதில்லை. கப்பல் கப்பலாகப் பொருள் குவித்தாரை ஓர் ஊசி துறவியாக்கிற்று. தைப்பார்க்கெல்லாம் அவ்வூசியின் பொருள் எளிதில் விளங்கும். காது முறிந்தபின் ஊசியில் நூல் ஏறாது. நூல் ஏறாத ஊசி தைக்காது. இவ்வுடம்பாகிய ஊசியும் ஒருநாட் காது முறியும். அன்று அலமாரியில் எத்துணை இருப்பினும் ஒரு தையலும் இட இயலாது. காது உளதாயிருக்கும் இன்றே நூலைக் கோத்தல் வேண்டும். கோத்ததைத் தைத்தல் வேண்டும். தைத்ததைக் குளிர்வார் தோளில் இடல் வேண்டும்.

மெய்யன்பர்களே! இவ்வுரையைப் படித்து முடித்தபின் நும் வீட்டிலுள்ள பெட்டியொன்றைத் திறமின். அதனுள் இருப்பது துணியோ சுவடியோ யாதாயினும் ஆகுக. இஃது யாருடையது என்று வினவுமின். எனது என்று விடை வரின் மீண்டும் வினவுமின். உரியார் ஒருவர் முகம் நும் நினைவில் தோன்றும்வரை வினவி, தோன்றியபின் அவர் இல்லம் நோக்கி நடமின். புலித்தோலும் யானைத்தோலும் போர்த்து, அன்பர் அளித்த கந்தையையும் உவந்தேற்கும் எம்பெருமான் நும் கைவழியே அதனைக் கொண்டருளுவான்.

திருச்சிற்றம்பலம்.